கடிகாரமும் கோ-அரவுண்டும்: கருவிவழித் தரையிறக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியே எதுவும் தெரியாத மேகத்துக்குள், கருவிகளை மட்டும் நம்பி ஓடுபாதையை நோக்கி இறங்குவதற்கு இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச் என்று பெயர். குறித்த உயரத்திலோ குறித்த இடத்திலோ ஓடுபாதை கண்ணில் படாவிட்டால், இறங்குவதைக் கைவிட்டு, வரைபடத்தில் வகுத்துள்ள வழியில் மேலேறிச் செல்வது மிஸ்டு அப்ரோச். இறங்குவதைக் கைவிட்டு மேலேறும் அந்தச் செயலே கோ-அரவுண்ட். இந்த இரண்டையும் இணைக்கும் கணத்தை எப்படி அறிவது, அந்தக் கணம் வந்தபின் கைகள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி, கருவிகளைக் கொண்டு பறக்கத் தகுதி தரும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் பயிற்சியில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன.

செயற்கைக்கோள் வழிகாட்டும் காலத்தில் ஸ்டாப்வாட்ச் எதற்கு?

ஜிபிஎஸ் அடிப்படையிலான அப்ரோச்சில், கைவிட வேண்டிய இடமான மிஸ்டு அப்ரோச் புள்ளி ஒரு வழிப்புள்ளியாகவே கருவிக்குள் பதிந்திருப்பதால் அங்கே கடிகாரத்துக்கு வேலை இல்லை. திசையையும் சரிவையும் ரேடியோ அலையால் காட்டும் ஐஎல்எஸ் அப்ரோச்சிலும் முடிவெடுக்கும் இடத்தை உயரமே காட்டிவிடுகிறது. ஆனால் விஓஆர், என்டிபி ஆகிய தரை ரேடியோ நிலையங்களையோ, ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் லோக்கலைசரை மட்டுமோ கொண்ட அப்ரோச்சுகளில் கருவிகள் இடவல விலகலை மட்டுமே சொல்கின்றன. ஓடுபாதை இன்னும் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்வதில்லை. டிஎம்இ போன்ற தூரமானி இல்லாத நிலையில், இறுதி இறக்கம் தொடங்கும் எஃப்ஏஎஃப் புள்ளியிலிருந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதே அந்தத் தூரத்தை அறிய எஞ்சியிருக்கும் ஒரே வழியாகும்.

ஒரு எச்சரிக்கை: எந்த வேகத்துக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லும் அட்டவணை எல்லா வரைபடங்களிலும் இருப்பதில்லை. அமெரிக்க நடைமுறையில், அட்டவணை அச்சிடப்படாத அப்ரோச்சில் நேரத்தைக் கொண்டு மிஸ்டு அப்ரோச் புள்ளியைக் கண்டறிய அனுமதி இல்லை. தூரத்தை நாமே அளந்து வகுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு.

அட்டவணையில் எந்த வேகத்தைப் பார்க்க வேண்டும்?

தரைவேகத்தை, அதாவது தரையைப் பொறுத்து விமானம் நகரும் வேகத்தை. இந்தக் கேள்விக்கு எல்லாரும் சரியாகவே விடை சொல்கிறார்கள். ஆனால் விமானத்துக்குள் ஏறியதும் பெரும்பாலோர் வேகமானி காட்டும் எண்ணையே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எஃப்ஏஎஃப் புள்ளியிலிருந்து மிஸ்டு அப்ரோச் புள்ளி வரை 5 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் 60 நாட்டுக்கு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) 5 நிமிடம், 90 நாட்டுக்கு 3 நிமிடம் 20 வினாடி, 120 நாட்டுக்கு 2 நிமிடம் 30 வினாடி என்று இருக்கும். நாம் மானியில் 90 நாட் வைத்துப் பறக்கிறோம். சராசரி உயரம் 3,000 அடி. உயரே மானி ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் குறைத்துக் காட்டும் என்ற கணக்கில் உண்மையான வான்வேகம் சுமார் 95 நாட். எதிர்க்காற்று 15 நாட் என்றால் தரைவேகம் 80. அப்படியானால் வேண்டிய நேரம் 3 நிமிடம் 45 வினாடி. வேகமானியைப் பார்த்து 3 நிமிடம் 20 வினாடியில் கைவிட்டிருந்தால், புள்ளிக்கு அரை மைலுக்கும் சற்று முன்பாகவே ஓடுபாதையைத் தேடுவதை நிறுத்தியிருப்போம். வாய்ப்பு வீணாயிற்றே தவிர, ஆபத்து இல்லை.

அதே 15 நாட் பின்காற்றாக இருந்தால் கதை வேறு. தரைவேகம் 110 ஆகிறது. வேண்டிய நேரம் 2 நிமிடம் 44 வினாடி. 3 நிமிடம் 20 வினாடி வரை காத்திருந்தால் புள்ளியைத் தாண்டி 1.1 கடல் மைல், அதாவது சுமார் 2 கிலோமீட்டர், தாழ்வான உயரத்தில் மேகத்துக்குள் பறந்திருப்போம். மிஸ்டு அப்ரோச் பாதையில் தடைகளுக்கு மேலே கணக்கிட்டு வைத்த இடைவெளி, அந்தப் புள்ளியிலேயே ஏறத் தொடங்குவோம் என்ற அனுமானத்தில் அமைந்தது. ஒரே அளவு காற்று, இரண்டு திசைகளில் இரண்டு விதமான பிழைகளைத் தருகிறது. அவற்றில் ஒன்றை மட்டுமே மன்னிக்கலாம்.

காற்றின் வேகமும் உயரத்துக்கு உயரம் மாறும். தரையில் 8 நாட் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் காற்று, 2,000 அடியில் அதைவிடப் பலமடங்கு வலுவாக இருக்கக்கூடும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மதிப்பை எடுத்துக்கொள்வதே நடைமுறையில் உதவும்.

கடிகாரத்தை எந்தக் கணத்தில் அழுத்த வேண்டும்?

எஃப்ஏஎஃப் புள்ளியைக் கடக்கும் கணத்தில். அது விஓஆர் நிலையமாக இருந்தால் ‘டு’ என்ற குறி ‘ஃப்ரம்’ என்று முழுதாகப் புரளும்போது. என்டிபி ஆக இருந்தால் ஊசி இறக்கையின் நுனித்திசையைத் தாண்டும்போது. நிலையத்துக்கு நேர் மேலே சில வினாடிகள் கருவி குழம்பி ஆடும். அந்த ஆட்டத்தைப் பின்தொடர்ந்து விமானத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் கடிகாரம் மறந்துபோகும்.

10 வினாடி தாமதமாக அழுத்தினால் 90 நாட்டில் 460 மீட்டர் பிழை. அழுத்திய பிறகு வேகத்தை மாற்றினாலும், பாதி வழியில் இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃபிளாப்பை இறக்கி வேகத்தைக் குறைத்தாலும் போட்ட கணக்கு செல்லாது. எனவே எஃப்ஏஎஃப் புள்ளிக்கு முன்பே சக்கரம், ஃபிளாப், வேகம் மூன்றையும் அமைத்துவிட்டு, அதன்பின் எதையும் தொடாமல் இருப்பதே நல்ல பழக்கம்.

கடிகாரத்தை அழுத்தவே மறந்துவிட்டேன். இப்போது?

புள்ளியைக் காட்ட வேறு கருவி ஏதும் இல்லையென்றால் மேலேறுங்கள். கட்டுப்பாட்டாளரிடம் சொல்லிவிட்டு மறுபடி வாருங்கள். மனத்துக்குள் எண்ணிச் சமாளிக்க முயல வேண்டாம்.

நேரம் முடியும் வரை காத்திருந்தால் தரையிறங்க முடியுமா?

முடியும் என்றுதான் அட்டவணை எண்ணவைக்கிறது. மேலே பார்த்த எதிர்க்காற்று எடுத்துக்காட்டையே தொடர்வோம். மிஸ்டு அப்ரோச் புள்ளி ஓடுபாதையின் தொடக்க விளிம்பிலேயே இருக்கிறது. குறைந்தபட்ச இறங்கு உயரமான எம்டிஏ, ஓடுபாதைக்கு மேலே 400 அடி. வழக்கமான 3 டிகிரிச் சரிவில் ஒரு மைலுக்கு 300 அடிக்குச் சற்று மேல் இறங்குவோம். ஆக, 400 அடியிலிருந்து இயல்பாக இறங்கத் தொடங்க வேண்டிய இடம் விளிம்புக்கு ஏறத்தாழ 1.3 மைல் முன்னே இருக்கிறது. 80 நாட் தரைவேகத்தில் அது ஏறத்தாழ ஒரு நிமிடப் பயணம்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். மிஸ்டு அப்ரோச் புள்ளி 3 நிமிடம் 45 வினாடியில் வருகிறது. இயல்பான தரையிறக்கத்துக்கான வாய்ப்பு 2 நிமிடம் 45 வினாடியிலேயே முடிந்துவிடுகிறது. 3 நிமிடம் 40 வினாடியில் மேகம் விலகி ஓடுபாதை ‘பளிச்’ என்று தெரிந்தால், அது மூக்குக்குக் கீழே, 400 அடி ஆழத்தில் இருக்கும். அங்கிருந்து நேராக இறங்க முனைவது செங்குத்தாகப் பாய்வதற்கு ஒப்பாகும். சில வரைபடங்களில் அந்த முந்தைய இடம் விஷுவல் டிசென்ட் பாயின்ட் என்று குறிக்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டாலும் புறப்படுமுன் இந்தக் கழித்தலைச் செய்து, முந்தைய அந்த நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். முதல் நேரம் தாண்டியதும் ‘இனி நேராக இறங்குவதில்லை’ என்று மனம் தீர்மானித்துவிட வேண்டும். ஆனால் இரண்டாம் நேரம் வரை திரும்பாமல், நேராகவே செல்ல வேண்டும். என் கருத்தில், இறுதி அப்ரோச்சில் எழுதி வைக்க வேண்டிய எண்களில் மிகவும் பயனுள்ளது இதுவே. மிகவும் குறைவாக எழுதப்படுவதும் இதுவே.

இதே காரணத்துக்காகத்தான், எம்டிஏ வரை வேகமாக இறங்கிப் பிறகு மட்டமாகப் பறக்கும் பழைய முறையை விமான நிறுவனங்கள் பெரும்பாலும் கைவிட்டு, தொடர்ச்சியாக ஒரே சரிவில் இறங்கும் முறைக்கு மாறிவிட்டன. தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் 3 டிகிரிக்கு வேண்டிய இறங்கு வேகம் ஏறத்தாழக் கிடைக்கும்: 90 நாட்டுக்கு நிமிடத்துக்கு 450 அடி, 120 நாட்டுக்கு 600 அடி. உண்மையான அளவு இவற்றைவிடச் சற்றுக் கூடுதல்.

ஐஎல்எஸ் அப்ரோச்சில் கடிகாரத்தை ஓடவிட வேண்டுமா?

வேண்டும் என்பதே என் விடை. சரிவைக் காட்டும் கிளைடு ஸ்லோப் சமிக்ஞை நடுவழியில் இழந்துபோனால், லோக்கலைசர் மட்டும் கொண்ட அப்ரோச்சாக மாற்றித் தொடர வரைபடம் இடமளிக்கலாம். முன்பே அதைப் பேசி வைத்திருந்து, எஃப்ஏஎஃப் புள்ளியில் கடிகாரத்தையும் அழுத்தியிருந்தால்தான் அது சாத்தியம். இரண்டு அப்ரோச்சுகளுக்கும் குறைந்தபட்ச உயரம் வேறு என்பதை மறக்கக் கூடாது. முன்பே பேசி வைக்கவில்லை என்றால், 900 அடியில் மேகத்துக்குள் வரைபடத்தைப் புரட்டுவதைவிட மேலேறுவது எவ்வளவோ மேல்.

எஃப்ஏஎஃப் புள்ளியைக் கடக்கும்போது உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். கிளைடு ஸ்லோப் உண்மையான 3 டிகிரிச் சரிவைத் தவிர, அதைவிட மிகச் செங்குத்தான பொய்ச் சரிவுகளையும் தோற்றுவிக்கும். ஊசி நடுவில் நிற்பது மட்டும் போதுமான சான்று ஆகாது.

முடிவு உயரத்துக்கும் எம்டிஏக்கும் என்ன வேறுபாடு?

ஐஎல்எஸ் போன்ற சரிவு வழிகாட்டி உள்ள அப்ரோச்சில் இருப்பது முடிவு உயரம். அந்த உயரத்தில் முடிவெடுத்து விசை நெம்புகோலைத் தள்ளும்போது விமானம் தன் இறங்கு வேகத்தால் இன்னும் சில அடி கீழே போவது கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது. எம்டிஏக்குக் கீழே, ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியாமல், ஓரடியும் போகக் கூடாது. தொடர்ச்சியான சரிவில் எம்டிஏவை நோக்கி இறங்குவோர், 50 அடி போல ஒரு கூடுதலைச் சேர்த்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

முதல் வகை ஐஎல்எஸ்ஸில் முடிவு உயரம் ஓடுபாதைக்கு மேலே 200 அடி வரை தாழ்வாக இருக்கலாம். நிமிடத்துக்கு 700 அடி இறங்கும் ஜெட் விமானத்துக்கு அங்கிருந்து தரை 17 வினாடி தூரம். ‘இன்னும் ஒரு கணம் பார்ப்போம்’ என்று மூன்று வினாடி தயங்கினால் 35 அடி போய்விடும். முடிவு உயரம் என்பது யோசிக்கத் தொடங்கும் இடம் அன்று. யோசித்து முடித்திருக்க வேண்டிய இடம்.

விளக்குகள் மட்டும் தெரிகின்றன, ஓடுபாதை தெரியவில்லை. இறங்கலாமா?

நாட்டுக்கு நாடு விதி சற்று வேறுபடும். அமெரிக்க விதிப்படி, அப்ரோச் விளக்குகள் மட்டும் தெரிந்தால், ஓடுபாதையின் தொடுபகுதிக்கு மேலே 100 அடி வரை இறங்கலாம். அவற்றின் சிவப்பு விளக்குப் பட்டைகளும் தெளிவாகத் தெரிந்தாலன்றி அதற்குக் கீழே போகக் கூடாது. காட்சித்தூரம் வரைபடம் கேட்கும் அளவுக்கு இருப்பதும், இயல்பான இறக்கத்தில் போய்ச் சேரக்கூடிய நிலையில் விமானம் இருப்பதும் உடன் நிபந்தனைகள். கண்ட விளக்கு மறுபடி மேகத்தில் மறைந்தால், அந்தக் கணமே மிஸ்டு அப்ரோச்.

கோ-அரவுண்டின் முதல் பத்து வினாடிகளில் என்ன நடக்க வேண்டும்?

முழு விசை, மூக்கை ஏறுகோணத்துக்கு உயர்த்தி, செயற்கைத் தொடுவானத்தில் (மூக்கின் சாய்வைக் காட்டும் கருவி) அந்தக் கோணத்தை அசையாமல் பிடித்தல், ஃபிளாப்பை ஒரு படி உள்ளிழுத்தல், உயரமானியும் ஏறுவேகமானியும் இரண்டுமே ஏற்றத்தைக் காட்டியபின் சக்கரத்தை மடக்குதல், திசையைக் காத்தல். இவை எல்லாம் முடிந்த பிறகே ஒலிவாங்கிப் பொத்தான். பயிற்சியில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு: வலது கை நெம்புகோலை முழுதாகத் தள்ளுவதற்குள்ளாகவே, இடது கட்டைவிரல் பொத்தானை அழுத்தி, வாய் ‘கோயிங் அரவுண்ட்’ என்று சொல்லிவிடுகிறது. விமானமோ இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கட்டுப்பாட்டாளர் பதிலுக்குத் திசையும் உயரமும் அலைவரிசையும் சொல்லத் தொடங்க, அவற்றைக் குறித்துக்கொள்ள வலது கை நெம்புகோலை விடுகிறது. அவர் காத்திருப்பார், முதலில் விமானத்தை ஓட்டுங்கள்.

இந்தப் பத்து வினாடிகளில் காதும் ஏமாற்றும். முழு விசையில் விமானம் வேகமெடுக்கும்போது, உட்காதில் உள்ள உணர்வுறுப்பு அந்த முடுக்கத்தை மூக்கு தூக்குவதாகத் தவறாகப் புரிந்துகொள்கிறது. வெளியே பார்க்கத் தொடுவானம் இல்லாத இருட்டில், ‘மல்லாக்கப் போகிறோம்’ என்ற அச்சத்தில் விமானி மூக்கைக் கீழே தள்ளிவிடுகிறார். தள்ளியதால் வேகம் கூடி, பொய்யுணர்வு இன்னும் வலுக்கிறது. 2000 ஆகஸ்ட் 23 அன்று பஹ்ரைனில் 143 பேரும், 2013 நவம்பர் 17 அன்று ரஷ்யாவின் கஸானில் 50 பேரும், 2016 மார்ச் 19 அன்று அதே நாட்டின் ரொஸ்தோவில் 62 பேரும் உயிரிழந்த மூன்று விபத்துகளும் இருட்டில், கோ-அரவுண்டின்போது, விமானத்தின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்து நிகழ்ந்தவை. மூன்றிலும் விமானத்தில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. உடல் சொல்வதை விட்டுவிட்டுச் செயற்கைத் தொடுவானத்தைப் பார் என்று பயிற்றுநர்கள் சலிக்காமல் சொல்வதன் பின்னணி இது.

புள்ளிக்கு முன்பாகவே கைவிட முடிவு செய்தால் உடனே திரும்பலாமா?

உடனே ஏறலாம், உடனே திரும்பக் கூடாது. மிஸ்டு அப்ரோச் பாதையில் வரும் திருப்பம், புள்ளியைக் கடந்தபின் திரும்புவதாகக் கொண்டு தடைகளை அளந்து வகுத்தது. ஆகவே ஏறிக்கொண்டே இறுதிப் பாதையில் புள்ளி வரை சென்று, அதன்பிறகு திரும்ப வேண்டும். சீக்கிரமே கைவிட்டாலும் கடிகாரத்தை நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்: திருப்பத்தின் இடத்தை அதுதான் சொல்லப்போகிறது. கட்டுப்பாட்டாளர் வேறு திசை கொடுத்தால் அதைப் பின்பற்றலாம்.

ஜிபிஎஸ் கருவிகளில் இன்னொரு சிக்கல்: மிஸ்டு அப்ரோச் புள்ளி வந்ததும் பல கருவிகள் அடுத்த வழிப்புள்ளிக்குத் தானாக நகராமல் நின்றுவிடும். விமானி ஒரு பொத்தானை அழுத்தினால்தான் மேற்கொண்டு வழிகாட்டும். எந்தப் பொத்தான் என்பதைத் தரையிலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு வேகமாக ஏற வேண்டும்?

சர்வதேச விதிமுறையில் மிஸ்டு அப்ரோச்சுக்கு இயல்பாகக் கொள்ளப்படும் ஏறுசரிவு 2.5 சதவீதம், அமெரிக்காவில் மைலுக்கு 200 அடி. வரைபடம் இதற்கு மேல் கேட்டால் அதில் எழுதியிருக்கும். கணக்கு எளிது: தரைவேகத்தை 60 ஆல் வகுத்து, மைலுக்கான அடியால் பெருக்க வேண்டும். 90 நாட்டில் மைலுக்கு 200 அடி என்றால் நிமிடத்துக்கு 300 அடி. 120 நாட்டில் மைலுக்கு 300 அடி கேட்டால் நிமிடத்துக்கு 600 அடி. வெயில் கொளுத்தும் நாளில், உயரமான இடத்தில், முழுச் சுமையுடன் இருக்கும் சிறிய விமானத்துக்கு இந்த இரண்டாவது எண் எளிதன்று. புறப்படுமுன்பே பார்க்க வேண்டிய எண் அது.

தரையிறங்க ஓடுபாதையைச் சுற்றி வரும்போது அது பார்வையிலிருந்து மறைந்தால்?

தரையிறங்க இருந்த ஓடுபாதையை நோக்கி, விமான நிலையத்தின் மேலாக ஏறிக்கொண்டே திரும்பி, பிறகு மிஸ்டு அப்ரோச் பாதையில் சேர வேண்டும். முதல் திருப்பம் எப்போதும் ஓடுபாதையின் பக்கமாக இருக்க வேண்டும். தடைகள் அளக்கப்பட்ட வட்டம் அங்கேதான் இருக்கிறது.

‘டைம்டு அப்ரோச்’ என்பது இதே நேரக்கணக்கா?

இல்லை; பெயர் ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம் இது. பல விமானங்கள் ஹோல்டிங் எனப்படும் காத்திருப்புச் சுற்றில் அடுக்கடுக்காகக் காத்திருக்கும்போது, ஒவ்வொன்றும் குறித்த மணிக்கு அந்தப் புள்ளியைவிட்டு உள்ளே புறப்பட வேண்டும் என்று கட்டுப்பாட்டாளர் நேரம் கொடுக்கும் முறை அது. காற்று இல்லாத நாளில் ஹோல்டிங்கின் ஒரு முழுச் சுற்றுக்கு 4 நிமிடம்: வினாடிக்கு 3 டிகிரி என்ற விகிதத்தில் இரண்டு திருப்பங்களுக்கு ஒவ்வொரு நிமிடம், இரண்டு நேர்ப்பகுதிகளுக்கு ஒவ்வொரு நிமிடம். 10:21க்குப் புள்ளியைக் கடந்தவரிடம் 10:26க்குப் புறப்படச் சொன்னால், சுற்று 5 நிமிடம் ஆக வேண்டும். வெளிநோக்கிய பகுதியை 30 வினாடி நீட்டினால், உள்நோக்கிய பகுதியும் 30 வினாடி நீண்டு கணக்குத் தீரும். காற்று இருந்தால் இரண்டு பகுதிகளும் சமமாக நீளாது என்பதால், முதல் சுற்றிலேயே உள்நோக்கிய பகுதிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை கைவிட்டபின் மறுபடி முயலலாமா?

ஏதேனும் மாறியிருந்தால் முயலலாம். காற்றை தவறாகக் கணித்திருந்தோம், லோக்கலைசரைத் தாண்டிப் போய்விட்டோம், மழைத்திரை ஒன்று நகர்ந்துகொண்டிருக்கிறது என்பன போன்ற காரணங்கள் இருந்தால் இரண்டாம் முயற்சிக்குப் பொருள் உண்டு. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் 200 அடியில் வெறும் வெண்மையே தெரிந்தது என்றால், அதே மேகம் பத்து நிமிடம் கழித்தும் அங்கேயே இருக்கும். மூன்றாம் முயற்சியில் களைப்பும், ‘இம்முறை இறங்கியே தீர்வது’ என்ற பிடிவாதமும் கூடவே ஏறிக்கொள்கின்றன.

எரிபொருள் கணக்கையும் முதல் அப்ரோச்சுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். சர்வதேச விதிப்படி, மாற்று விமான நிலையத்தை அடைந்தபிறகும் பிஸ்டன் விமானத்தில் 45 நிமிடத்துக்கும், டர்பைன் விமானத்தில் 1,500 அடியில் 30 நிமிடம் சுற்றுவதற்கும் எரிபொருள் எஞ்சியிருக்க வேண்டும். மானி எந்த அளவுக்கு இறங்கினால் மறுமுயற்சி இல்லாமல் மாற்று நிலையத்துக்குத் திரும்புவது என்ற ஒரே எண்ணை, கடிகார நேரங்கள் இரண்டுக்கும் பக்கத்தில், முழங்காலில் கட்டிய பலகையில் எழுதி வையுங்கள்.